பழைய வார்ப்பிரும்பில் ஏறிய கரிப்பொருக்கு: எந்த வழி எதற்கு?

பல்லாண்டு அடுப்பில் கிடந்த வார்ப்பிரும்பு வாணலியின் வெளிப்புறத்தில் தார் போல அப்பியிருப்பதை ஒரே சொல்லில் 'கரி' என்கிறோம். அதில் இருப்பவை இரண்டு. ஒன்று, சூட்டில் இறுகிப் பிசினாகிப்போன எண்ணெய். மற்றது, அந்தப் பிசினுக்குள் சிக்கிய அசல் கரி. எரிந்து எரிந்து கார்பன் மட்டுமே மிஞ்சியது. பிசினைக் காஸ்டிக் சோடா போன்ற காரம் கரைக்கும். கரியை வீட்டில் கிடைக்கும் எந்த ரசாயனமும் கரைக்காது. பிடித்திருக்கும் பிசின் போனால் அது உதிரும். இல்லாவிட்டால் எரிக்க வேண்டும், அல்லது இரும்பின் பக்கமிருந்து தள்ள வேண்டும். காஸ்டிக் சோடா ஒருவருக்கு ஒரே நாளில் வேலை செய்வதும் இன்னொருவருக்கு இரண்டு வாரமாகியும் அசையாததும் இதனால்தான். முதல் வாணலியில் பிசின் அதிகம், இரண்டாவதில் கரி அதிகம்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

உள்பக்கம் கறுப்பாக, வழவழப்பாக, நகத்தால் கீறினால் பெயராமல் இருந்தால் அது அழுக்கில்லை. எண்ணெய் இறுகிப் படலமாகி நன்றாகப் பழகிய பரப்பு. அதை எடுப்பது வீண்வேலை. பொருக்குப் பொருக்காக உதிர்கிறதா, மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறதா, அடிப்பக்கத்துத் தடிப்பால் வாணலி அடுப்பில் ஆடுகிறதா, துரு எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் முழுவதையும் எடுக்கலாம். பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் அது வேகாத எண்ணெய்; வெறும் வாணலியை 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் அவனில் (கேக் சுடும் சூட்டுப்பெட்டியில்) வைத்தாலே சரியாகிவிடும்.

அடுத்தது காந்தம். ஒட்டவில்லை என்றால் அது வார்ப்பு அலுமினியம். காஸ்டிக்கில் போட்டால் பொங்கி, ஹைட்ரஜனைக் கக்கிக்கொண்டு கரைந்தே போகும். பழைய வார்ப்பிரும்பு நிறுவனங்கள் சில அதே வடிவங்களில் அலுமினியத்திலும் பாத்திரம் செய்தன. கரி மூடியிருக்கும்போது கண்ணால் வேறுபடுத்த முடியாது. ஒட்டினாலும், மேலே நிக்கல் அல்லது குரோம் முலாம் இருக்கிறதா, எனாமல் பூச்சு இருக்கிறதா, மரக்கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். எனாமல் காரத்தில் மங்கும், மரம் ஊறிப்போகும், முலாம் மின்பகுப்பில் உரிந்து வரும். குரோம் முலாமுள்ள பாத்திரத்துக்குக் கீழே சொல்லப்படும் எந்த முறையும் வேண்டாம். சோப்பும் நைலான் சுரண்டியும் போதும்.

மூன்றாவது ஈயம். பழைய வாணலிகளில் தூண்டில் குண்டுக்கும் துப்பாக்கி ரவைக்கும் ஈயம் உருக்கும் வழக்கம் இருந்தது. வெள்ளி நிறத் திட்டுகள், மற்ற பாத்திரங்களைவிடக் கூடுதலாகக் கனக்கும் அடிப்பகுதி ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஈயப் பரிசோதனைக் குச்சி வாங்கித் தேய்த்துப் பாருங்கள். கரிக்கு அடியில் இருப்பதை அது காட்டாது என்பதால் கரியை எடுத்தபின் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். ஈயம் தெரிந்தால் அந்த வாணலி சமையலுக்குத் திரும்பக் கூடாது. அது ஊறிய காரக் கரைசலில் வேறு பாத்திரத்தையும் போடக் கூடாது, ஏனென்றால் ஈயம் காரத்தில் ஓரளவு கரையும்.

விரிசலை முன்கூட்டியே கண்டுபிடிப்பது கடினம். கைப்பிடியில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினால் நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும். ஆனால் தடித்த கரியும் ஒலியை மழுக்கும். ஆகவே 'டொக்' என்ற சத்தத்தை மட்டும் வைத்து வாணலியைத் தள்ளிவிடாதீர்கள். சுத்தமானபின் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

காஸ்டிக் சோடாத் தொட்டி

பெரும்பாலானவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சோடியம் ஹைட்ராக்சைடு எண்ணெய்ப் பிசினைச் சோப்பாக மாற்றுகிறது, இரும்பைத் தொடுவதில்லை. ஒரு மாதம் மறந்துபோய் விட்டுவிட்டாலும் வாணலி அப்படியே இருக்கும். மறதியை மன்னிக்கும் முறை இந்தப் பட்டியலில் வேறு இல்லை.

அளவு: 20 லிட்டர் தண்ணீருக்கு 450 முதல் 500 கிராம். ஏறத்தாழ இரண்டரை சதவீதம். இதைவிடக் கூட்டினால் வேகம் பெரிதாகக் கூடாது, கையில் பட்டால் காயம் மட்டும் பெரிதாகும். வாங்கும் பொட்டலத்தில் 'சோடியம் ஹைட்ராக்சைடு 100 சதவீதம்' என்றோ அதற்கு நெருக்கமாகவோ இருக்க வேண்டும். சாக்கடை அடைப்பு நீக்கிகள் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் சூடேறிப் பொங்குவதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள்; இங்கே அது வேண்டாத வம்பு.

தொட்டிக்கு மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் வாளி வேண்டும். அடியில் முக்கோணக் குறிக்குள் 2 என்ற எண் இருக்கும் எச்.டி.பி.இ. வகை நல்லது. அலுமினியப் பாத்திரமோ துத்தநாகம் பூசிய வாளியோ ஆகாது. முதலில் குளிர்ந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிடுங்கள். பிறகு காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குழாயாலோ கிளறுங்கள். வரிசை மாறக் கூடாது. 500 கிராம் 20 லிட்டரில் கரையும்போது சூடு ஆறேழு டிகிரிதான் ஏறும். அதே 500 கிராமின் மேல் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கை உடை இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. தோலில் பட்டால் வழுவழுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் உங்கள் தோலின் கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள், வினிகரைத் தேடி ஓடாதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். குழந்தைகளும் விலங்குகளும் நடமாடும் இடத்தில் பூட்டிவைக்க வழியில்லை என்றால் இந்த முறையே வேண்டாம்.

வாணலியைக் கனமான இரும்புக் கம்பியில் கட்டி, கம்பியின் மறுமுனையை வாளியின் விளிம்பில் மாட்டுங்கள். முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் நீர்மட்டத்தில் ஒரு கோடு விழும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து, கையுறையோடு, தண்ணீரில் அலசி, பிளாஸ்டிக் சுரண்டியாலும் கம்பி நாராலும் தேய்த்து, மறுபடி உள்ளே விடுங்கள். இந்தத் தேய்ப்பைத் தவிர்ப்பவர்கள்தான் 'ஒரு மாதமாகியும் போகவில்லை' என்று சலித்துக்கொள்கிறார்கள். மேலே தளர்ந்த கரி காரத்துக்குக் கூரையாக நிற்கிறது. அதைத் தள்ளினால்தான் அடியில் இருக்கும் பிசினைக் காரம் எட்டும். சாதாரணக் கரி மூன்று முதல் ஏழு நாளில் போகும். தடித்த பொருக்குக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். குளிர்காலத்தில் வேகம் வெகுவாகக் குறையும். 20 டிகிரிக்கு மேலுள்ள இடத்தில் வாளியை வைத்தால் நல்லது. சூடாக்கலாமே என்று அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கரைசல் காபி நிறத்துக்கு வந்தாலும் வேலை செய்யும். கூழாகி, புதிய வாணலியில் ஒரு வாரமாகியும் மாற்றம் இல்லை என்னும்போதுதான் மாற்ற வேண்டும். மூடியை இறுக்கமாக வைத்திருப்பதற்கு விபத்து பயம் மட்டும் காரணமில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் காஸ்டிக் மெல்ல மெல்ல வெறும் சலவைச் சோடாவாகிவிடும். கொட்டும்போது உங்கள் ஊர்க் கழிவு விதியைப் பாருங்கள். மண்ணிலோ செப்டிக் டேங்கிலோ ஊற்றக் கூடாது.

இந்த முறையால் முடியாதது துரு. காரம் துருவைத் தொடாது. கரி போனதும் அதுவரை மறைந்திருந்த செந்துருத் திட்டுகள் வெளியே வரும். அதைக் கண்டு காஸ்டிக்தான் துருப்பிடிக்க வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்ப்ரேயும் பையும்

ஒரே ஒரு வாணலிதான், வாளி வைக்க இடமில்லை என்பவர்களுக்கு அவன் கிளீனர் ஸ்ப்ரே. வேலை செய்யும் பொருள் அதே காஸ்டிக்தான், நுரை வடிவில். டப்பாவின் பின்புறம் சோடியம் ஹைட்ராக்சைடு என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். நெடியில்லாதது, மென்மையானது என்று விற்கப்படும் வகைகளில் பெரும்பாலும் அது இருக்காது. அவற்றைக் கொண்டு பொருக்கை எடுக்க முயல்வது பொறுமையைச் சோதிக்கும்.

வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, எல்லாப் பக்கமும் கனமாக அடித்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம். பை எதற்கு என்றால், நுரை காய்ந்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். பையைப் பிரித்து, அலசி, தேய்த்து, மறுபடி அடியுங்கள். தடித்த பொருக்குக்கு நான்கு முதல் ஆறு சுற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடான வாணலியில் ஒருபோதும் அடிக்காதீர்கள். நெடி தொண்டையைப் பிடித்துவிடும்.

தொட்டியோடு ஒப்பிட்டால் முதல் வாணலிக்குச் செலவு குறைவு, தயாரிப்பும் குறைவு. மூன்றாவது வாணலி வரும்போது டப்பாக்களின் எண்ணிக்கை கணக்கை மாற்றிவிடும். காஸ்டிக் நுண்துளியாகக் காற்றில் மிதப்பதால் மூச்சுக்கான ஆபத்து தொட்டியைவிட இங்கேதான் அதிகம். வீட்டுக்குள் பயன்படுத்தும் பொருள்தானே என்ற எண்ணத்தில் பலர் கண்ணாடிகூடப் போடுவதில்லை.

மின்பகுப்பு

கரி, துரு இரண்டையும் ஒரே தொட்டியில் எடுக்கும் முறை இது ஒன்றுதான். காஸ்டிக்கில் மூன்று வாரம் ஊறியும் அசையாத கரித்திட்டு இதில் ஒரே இரவில் பொரிந்து விழுவது உண்டு. வாணலியை எதிர்மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால், இரும்பின் மேற்பரப்பிலேயே ஹைட்ரஜன் குமிழிகள் பிறக்கின்றன. அவை கரியை அடியிலிருந்து நெம்புகின்றன. துருவின் ஒரு பகுதியையும் மின்சாரம் கறுப்புப் பொடியாக மாற்றித் தளர்த்துகிறது.

தேவையானவை: 40 லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், லிட்டருக்கு 4 கிராம் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்), 12 வோல்ட் கொடுக்கும் மின்வழங்கி, பலிகொடுக்க ஒரு சாதா இரும்புத் தகடு. சமையல் உப்பைப் போடாதீர்கள். மின்சாரம் நன்றாகத்தான் பாயும், ஆனால் குளோரின் வாயு வரும். கார் பேட்டரி சார்ஜர் எடுப்பதாக இருந்தால் பழைய கைமுறை வகையாக இருக்க வேண்டும். புதிய தானியங்கி சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இல்லை என்றால் மின்சாரமே தராது. 'சோடா போட்டேன், ஒரு குமிழிகூட வரவில்லை' என்ற புகாரில் பாதி இதனால்தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாக நிறுத்தக்கூடிய மேசை மின்வழங்கி இருந்தால் இன்னும் நிம்மதி.

தகட்டைப் பொறுத்தவரை ஒரே விதி: எவர்சில்வர் கூடாது. நீண்ட நாள் உழைக்கும் என்று சிலர் அதைப் பரிந்துரைப்பது உண்டு. அதில் இருக்கும் குரோமியம் கரைந்து ஆறு இணைதிறன் குரோமியமாக, புற்றுநோய் தரும் நஞ்சாக, தண்ணீரில் கலக்கிறது. துத்தநாகம் பூசிய தகடும் செம்பும் வேண்டாம். பூச்சில்லாத மென்னிரும்புத் தகடு போதும். அரிக்கப்பட வேண்டியதுதானே அதன் வேலை.

இணைக்கும்போது நேர்முனை தகட்டுக்கு, எதிர்முனை வாணலிக்கு. மாற்றிக் கொடுத்தால் தகடு தப்பிக்கும், வாணலி தின்னப்படும். அடுத்த நாள் காலை பார்க்கும்போது எழுத்தும் இலச்சினையும் மழுங்கியிருக்கும். கரியும் பிசினும் மின்சாரத்தைக் கடத்தாதவை. எனவே கைப்பிடியில் ஓரிடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு அங்கே கிளிப்பைக் கவ்வச் செய்யுங்கள். கிளிப்பே தண்ணீரில் முழுகாமல், கம்பி வழியாக வாணலியைத் தொங்கவிடுவது நல்லது. வாணலியும் தகடும் எங்கும் தொட்டுக்கொள்ளக் கூடாது. 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

மின்சாரம் 3 முதல் 8 ஆம்பியருக்குள் இருக்கட்டும். கூடினால் தகட்டைத் தள்ளிவையுங்கள், குறைந்தால் கிட்டே கொண்டுவாருங்கள் அல்லது தகட்டில் படிந்த பழுப்புச் சகதியைச் சுரண்டுங்கள். சோடாவைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை. தகட்டை நோக்கியிருக்கும் பக்கம்தான் விரைவில் சுத்தமாகும். ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வாணலியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் தகடு வைத்தால் அந்த வேலை மிச்சம். 6 முதல் 24 மணி நேரம் பொதுவாகப் போதும். 5 ஆம்பியரில் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் வாணலிக்குச் செல்லும் மின்சாரம் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு.

வாயுவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 ஆம்பியர் ஓட்டம் மணிக்கு இரண்டு லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக ஹைட்ரஜனைத் தருகிறது, கூடவே ஆக்சிஜனையும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். திறந்த வெளி அல்லது நல்ல காற்றோட்டம், மூடியில்லாத தொட்டி, அருகில் தீயோ புகையோ இல்லாத இடம். வாணலியைத் தொடும் முன் முதலில் சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும், பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். கிளிப்பை இழுக்கும்போது வரும் ஒரு பொறி, மேலே மிதக்கும் நுரையைப் பட்டாசுபோல வெடிக்க வைக்கும். மின்வழங்கி தொட்டியின் விளிம்பில் உட்காரக் கூடாது.

எல்லாரும் இதில் இறங்கத் தேவையில்லை. கருவிகள் கைவசம் இல்லாதவர் ஒரு வாணலிக்காக இவ்வளவையும் கூட்டுவது கொசுவுக்குப் பீரங்கி. துரு அதிகமாக இருக்கிறது, அல்லது காஸ்டிக் தோற்றுவிட்டது, அல்லது பத்து வாணலி காத்திருக்கிறது என்றால் கதை வேறு. இருப்பவற்றுள் சிறந்த வரிசை இரண்டையும் சேர்ப்பதே: முதலில் காஸ்டிக்கில் ஒரு வாரம், பிறகு மின்பகுப்பில் ஓர் இரவு. பிசின் போனபின் இரும்பு எங்கும் திறந்து நிற்பதால் மின்சாரம் சீராகப் பாய்கிறது.

நெருப்பும் சுயசுத்த அவனும்

மிகப் பழைய யோசனை, மிக வேகமான முறை, பழைய வாணலிகளை அதிகமாகக் கொன்றதும் இதுவே. விறகுக் கங்குக்குள் புதைத்தால் கரி சாம்பலாகிவிடும், உண்மைதான். ஆனால் கங்கின் நடுவே 800 டிகிரியைத் தாண்டுவது எளிது. 727 டிகிரி வாக்கில் இரும்பின் உள் அமைப்பே மாறத் தொடங்குகிறது. பழைய வாணலிகளின் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் சிவக்க, மறுபக்கம் கறுப்பாக நிற்கும்போது அடி வளையும், சில நேரம் 'டப்' என்று பிளக்கும். தப்பினாலும் செந்நிறச் செதில் பரப்பு ஒன்று வந்துவிடும். அதைத் துரு என்று நினைத்துத் தேய்ப்பார்கள். போகாது, அதன்மேல் எண்ணெய்ப் படலமும் சரியாகப் பிடிக்காது. இந்தச் சேதத்துக்குத் திரும்பும் வழி கிடையாது.

கடும் சூட்டில் தன் உள்ளழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும் சுயசுத்த அவன் ஏறத்தாழ 480 டிகிரியில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஓடும். கங்கைவிடச் சீரான சூடு, எனவே ஆபத்தும் குறைவு. ஆயினும் வளைவும் விரிசலும் நிகழ்கின்றன, மெல்லிய பழைய வார்ப்பில் அதிகமாக. இன்னொன்றும் உண்டு: தடித்த பொருக்கில் எரியாத கொழுப்பு நிறைய இருக்கும். பூட்டிய அவனுக்குள் அது தீப்பிடித்தால் நடுவில் கதவைத் திறக்கவும் முடியாது. புகை வீடு முழுக்க நிற்கும். கூண்டுப் பறவைகளுக்கு அது உயிராபத்து. மதிப்பில்லாத, தடித்த, புதிய வாணலி என்றால் உங்கள் விருப்பம். பழையதற்கு வேண்டாம்.

கம்பி பிரஷ், கிரைண்டர், மணல்

டிரில்லில் மாட்டிய கம்பிக் கிண்ணம் பத்தே நிமிடத்தில் பளபளப்பைக் காட்டும். அந்தப் பளபளப்புதான் பிரச்சினை. கம்பி இரும்பின் நுண்மேடுகளைத் தேய்த்து மெருகேற்றிவிடுகிறது. சுழல்சுழலாகக் கோடு விழுகிறது. எண்ணெய்ப் படலம் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பு குறைகிறது. அமெரிக்காவின் ஈரி நகரில் இருந்த கிரிஸ்வால்ட், ஓஹாயோவின் சிட்னியில் இருந்த வாக்னர் போன்ற ஆலைகள் உள்பரப்பைக் கடைந்து வழவழப்பாக்கியே வாணலிகளை அனுப்பின. சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த மூலப் பரப்பையும் அடியிலுள்ள கூர்மையான எழுத்தையும்தான். உலோகம் தேய்க்கும் கிரைண்டர் வட்டோ உப்புத்தாளோ ஒருமுறை பட்டால் அது திரும்பாது. மணல் வீச்சு எல்லாவற்றையும் சாம்பல் நிறச் சொரசொரப்பாக்கிவிடும். சமைக்கலாம், ஆனால் பழைய வாணலி என்ற அடையாளம் போய்விடும்.

கையால் தேய்க்கும் கம்பி நாரும் பித்தளைக் கம்பி பிரஷும் வேறு. அவை தனி முறையில்லை, காரத்துக்கும் மின்பகுப்புக்கும் துணைக்கருவிகள். எழுத்துகளின் இடுக்கில் நிற்கும் கரிக்கு மூங்கில் குச்சி நன்றாக வேலை செய்யும்.

மற்றவை, சுருக்கமாக

வினிகரைக் கரிக்காகப் பயன்படுத்தாதீர்கள். அமிலம் துருவைக் கரைக்கும், தொடர்ந்து இரும்பையும் தின்னும், கரியைத் தொடவே தொடாது. கரி போனபின் மிஞ்சும் துருவுக்கு மட்டும், வினிகரும் தண்ணீரும் சம அளவில், அரைமணி நேரம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு. இரவு முழுக்க விட்டால் பரப்பு குழிக்குழியாகிவிடும். துரு நீக்கித் திரவங்களும் இதே இடத்துக்குத்தான். அவை வினிகரைவிடச் சாது.

அமோனியாவோடு பையில் கட்டிவைக்கும் முறை மெல்லிய எண்ணெய்ப் பிசுக்குக்குச் சரி, பொருக்குக்குப் போதாது. பிளீச்சோடு அது சேர்ந்தால் நச்சு வாயு. பிளீச்சைத் தனியாகவும் வார்ப்பிரும்பின் பக்கம் கொண்டுவர வேண்டாம், இரும்பை அரிக்கும். உப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பதும் சோடா உப்பைக் கொதிக்க வைப்பதும் அன்றாடப் பராமரிப்பு. முப்பது வருடப் பொருக்குக்கு அவை தெரியவே தெரியாது.

எதைத் தேர்வது

ஒரு வாணலி, துரு இல்லை, அவசரமில்லை என்றால் ஸ்ப்ரேயும் பையும். இரண்டுக்கு மேல் இருந்தால், அல்லது இனியும் வாங்குவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், காஸ்டிக் தொட்டி. துருவும் கரியும் அடுக்கடுக்காக இருந்தால் தொட்டியும் மின்பகுப்பும். வீட்டில் சிறு குழந்தை இருந்து பூட்ட இடமும் இல்லை என்றால் காஸ்டிக்கைத் தவிர்த்து மின்பகுப்பை மட்டும் செய்யலாம், நேரம் கூடும். சலவைச் சோடா கண்ணுக்கு எரிச்சல் தருவதுதான் என்றாலும் காஸ்டிக் அளவுக்குக் கொடியதில்லை, ஓடும்போது மட்டும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்றே சமைக்க வேண்டும் என்ற அவசரம் இருந்தால் அந்த வாணலியை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் சமையுங்கள். நெருப்புக்கும் கிரைண்டருக்கும் ஆளை அனுப்புவது அந்த அவசரம்தான்.

ஒரு திட்டு மட்டும் கடைசிவரை போகவில்லை என்றால்? வெளிப்புறத்தில், உணவு படாத இடத்தில், இறுகி நிற்கும் காசளவு கரியால் ஒரு தீமையும் இல்லை. அதை எடுக்கக் கிரைண்டரைத் தேடுவதைவிட விட்டுவிடுவது நல்ல தீர்ப்பு.

எடுத்தபின் முதல் ஒரு மணி நேரம்

கரி போன வாணலி வெளிர் சாம்பல் நிறத்தில், காப்பே இல்லாமல் நிற்கும். ஈரம் பட்ட சில நிமிடத்தில் ஆரஞ்சுப் பூச்சாகத் துரு படரும். கடைசி அலசலுக்குக் குளிர்ந்த தண்ணீரே நல்லது. வெந்நீரில் துரு இன்னும் வேகமாக வரும். காஸ்டிக்கிலிருந்து வந்ததாக இருந்தால் வழுவழுப்பு முற்றிலும் போகும்வரை, பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள். உடனே துணியால் துடைத்து, 100 டிகிரி அவனில் 20 நிமிடம் உலர்த்துங்கள். படர்ந்துவிட்ட மெல்லிய துருவை எண்ணெய் நனைத்த கம்பி நாரால் ஒருமுறை தேய்த்தால் போய்விடும்.

துணியில் கறுப்பு வந்துகொண்டே இருக்கும். இன்னும் கரி போகவில்லை என்று மறுபடி தொட்டிக்குள் போடுபவர்கள் உண்டு. மின்பகுப்புக்குப் பின் வரும் கறுப்புப் பொடியைத் தண்ணீருக்கடியில் கம்பி நாரால் தேய்த்து எடுக்கலாம். அதற்குமேல் வருவது இரும்பிலேயே இருக்கும் கிராஃபைட். சாம்பல் வார்ப்பிரும்பின் எடையில் 2.5 முதல் 4 சதவீதம் கார்பன். பென்சில் எழுதுவதைப் போல அது துணியில் எழுதிக்கொண்டேதான் இருக்கும், முடிவே கிடையாது.

பழக்குவதற்கு, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெயை உள்ளும் வெளியும் தடவுங்கள். பிறகு, தவறாகத் தடவிவிட்டதை அழிப்பதைப் போல, உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். பார்வைக்கு எண்ணெயே இல்லாததுபோல இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து 230 முதல் 250 டிகிரியில் ஒரு மணி நேரம், அவனுக்குள்ளேயே ஆறவிட்டு, இதையே மூன்று முறை. ஆளிவிதை எண்ணெய் அழகான கறுப்பைத் தரும் என்று பரிந்துரைப்பார்கள். தரும்தான், ஆனால் அந்தப் படலம் நொறுங்கும் தன்மையுள்ளது, சில மாதத்தில் செதிலாக உதிர்வதைப் பலரும் பார்க்கிறார்கள். முதல் சுற்றில் நிறம் தேன்போலத் திட்டுத்திட்டாக வந்தால் பயப்பட வேண்டாம், மூன்றாவதில் கறுக்கும். தொட்டால் ஒட்டினால் துடைத்தது போதவில்லை என்று பொருள். எண்ணெய் எதுவும் சேர்க்காமல் இன்னொரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து எடுங்கள்.